லுஹருக்குப் பிறகு பிறந்தவள்

அன்று நான் அந்தப் பெண்ணை அதட்டினேன். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடந்ததைப் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் இந்த அதட்டலை மட்டும் எப்படியோ விட்டுவிட்டேன்.

நான் பெரம்பலூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் பேறுகாலப் பராமரிப்புப் பாடம் எடுப்பவள். வீடு அரியலூரில். கணவருக்கு சிமெண்ட் ஆலையில் வேலை என்பதால் அங்கேயே இருந்துவிட்டோம். காலை பஸ்ஸில் ஏறி, சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் ஊர்ந்து, புடவையில் வெள்ளைத் தூசியோடு கல்லூரிக்குப் போய்ச் சேருவேன். வாரத்தில் சில நாட்கள் மாணவிகளைப் பயிற்சிக்காக ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு அழைத்துப் போவேன். பதினோரு வருடமாக ஒரே பாடக் குறிப்பு நோட்டு. அதில் பிரசவத்தின் நான்கு கட்டங்களும், ஒவ்வொன்றிலும் நர்ஸ் செய்ய வேண்டியவையும் வரிசையாக இருக்கும். தாயை மல்லாக்கப் படுக்க வை, கால்களைத் தாங்கியில் தூக்கி வை, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடு, ஒத்துழைக்கச் சொல். அந்த ‘ஒத்துழைக்கச் சொல்’ என்பதன் கீழ் நானே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன்.

அந்தப் பெண் முஸ்லிம்கள் அதிகம் வாழும் லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்தவள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். முதல் பிரசவம். கணவர் சவூதியில், தம்மாமில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். துணைக்கு மாமியார் வந்திருந்தார். விடியற்காலையில் வலியோடு வந்தவளுக்குப் பத்து மணிக்கு மேல் ஒன்றுமே நகரவில்லை. கருப்பை வாய் பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது. குழந்தை தலைகீழாகத்தான் இருந்தது, ஆனால் முதுகைத் தாயின் முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டு முகத்தை முன்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. இப்படி இருக்கும் குழந்தைகள் தாயின் முதுகெலும்பை இடித்துக்கொண்டே இருக்கும். வலி வயிற்றில் தெரிவதைவிட முதுகில்தான் அதிகம் தெரியும்.

நான் உள்பரிசோதனைக்குப் போனபோது அவள் இரண்டு முழங்கால்களையும் இறுக்கிச் சேர்த்துக்கொண்டாள். தலையில் சுற்றியிருந்த துணியை, வார்டு விதிப்படி, வந்தவுடனேயே கழற்றச் சொல்லியிருந்தார்கள். போட்டிருந்த ஆஸ்பத்திரி கவுனின் கையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மூடப் பார்த்தாள். அறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. வராண்டாவில் ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளிக்கொண்டு போன ஆண்களின் குரல் கேட்டது.

“இந்தா பாரும்மா, நீ இப்படி காலை மடக்கிக்கிட்டா நா எப்படிப் பாக்குறது? பிள்ள வேணுமா வேணாமா உனக்கு? கோ-ஆப்பரேட் பண்ணு.”

இதுதான் நான் சொன்னது. ஆறு மாணவிகள் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடமிருந்து கற்றுக்கொள்ள வந்தவர்கள்.

அவள் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

அந்த ஆறு பேரில் ஒருத்தியும் லப்பைக்குடிக்காட்டுப் பெண்தான். வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள். நன்றாக எழுதுவாள், வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் என் அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“மேடம், நா ஒருதடவ பேசிப் பாக்கட்டுமா?”

“என்ன பேசப் போற?”

“என்ன வேணும்னு கேக்குறேன் மேடம்.”

எனக்கு அந்த நேரத்தில் அது வெட்டிப் பேச்சாகப் பட்டது. என்ன வேண்டும் என்று கேட்பதற்கு இது என்ன ஓட்டலா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் வேறு வழியும் தெரியாததால் தலையாட்டினேன்.

அவள் முதலில் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு கட்டிலருகே குனிந்து, அந்தப் பெண்ணின் முகம் தன் முகத்துக்கு நேராக வரும்படி நின்றுகொண்டு, “அக்கா, ஒங்களுக்கு இப்ப என்ன வேணுங்க்கா? எதுன்னாலும் சொல்லுங்க. முடிஞ்சா செய்வோம், முடியலன்னா முடியலன்னு சொல்லிருவோம்” என்றாள்.

ஒரு வலி வந்து போனது. பிறகு அந்தப் பெண் கண்ணைத் திறந்து, “மணி என்னம்மா ஆவுது?” என்று கேட்டாள்.

“பன்னண்டே முக்கால்க்கா.”

“லுஹர் வந்துருச்சு. நா தொழுவணும்.”

மதியத் தொழுகையைச் சொல்கிறாள் என்று புரிந்ததும் நான் குறுக்கே வந்தேன். “இந்த நிலமையிலயா? ஆண்டவனே மன்னிச்சுருவாரும்மா, நீ முதல்ல பிள்ளையப் பெத்துக்க.”

மாணவி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஒரு தயக்கம்தான் இருந்தது. “மேடம், பிள்ள பொறக்குற வரைக்கும் தொழுவுறது கடமைதான். பொறந்ததுக்கு அப்புறம் நாப்பது நாள் தொழ முடியாது. அதுக்கு முன்ன இதுதான் அவங்களுக்குக் கடைசி வக்த்தா இருக்கலாம். அதான் கேக்குறாங்க.”

கடைசி வேளை. அந்தப் பெண் காலையிலிருந்து மணியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நானும் மணியைக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தோம். அவள் எதற்காகப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டூட்டி டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுத்துவிடுவார், பழி என் தலையில் விழாது என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தார். “பிள்ளையோட இதயத் துடிப்பு நல்லாருக்கு. தாய்க்கு பிபி நார்மல். பனிக்குடத் தண்ணி தெளிவா இருக்கு. எந்திரிச்சு நின்னா என்ன கெட்டுப்போச்சு? கால் மணிக்கு ஒருதரம் துடிப்பு கேளுங்க. ஏதாச்சும் மாறுச்சுன்னா உடனே என்னைக் கூப்புடுங்க” என்றார். அத்தனை எளிதாக.

அதற்குப் பிறகு நடந்த ஏற்பாடுகளை நான் ஓரமாக நின்று பார்த்தேன். எனக்கு அதில் ஒரு வேலையும் தெரியவில்லை. கையில் ஊசி குத்திப் பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடம் நனையாமல் இருக்க மாணவி ஒரு கையுறையை வெட்டி அதன்மேல் மாட்டி நூலால் கட்டினாள். அந்தப் பெண் கட்டிலிலிருந்து இறங்கி, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு, முகமும் கையும் கழுவினாள். குனிய முடியாததால் கால்களை மாணவி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். வெறும் தரையில் தொழ வேண்டாம் என்று நான் சொன்னதும் மாணவி வாதாடவில்லை. புது ரப்பர் ஷீட்டைப் பிரித்து விரித்து, அதன்மேல் சலவையிலிருந்து வந்த இரண்டு விரிப்புகளை மடித்துப் போட்டாள். மாமியார் பையிலிருந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்து மருமகளின் தலையிலிருந்து கால்வரை போர்த்தினார்.

அப்போதுதான் மாமியார் ஒரு கேள்வி கேட்டார். “மேக்கு எந்தப் பக்கம்? அங்கிட்டுப் பாத்துத்தான் தொழுவணும்.”

யாருக்கும் தெரியவில்லை. பதினோரு வருடமாக அந்த அறைக்குள் போய்வருகிறேன், மேற்கு எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்டாஃப் நர்ஸ் செல்போனைத் தேடினார். தரை துடைக்க வந்த ஆயாம்மா மாப்பைச் சாய்த்து வைத்துவிட்டு, “சாயங்காலம் வெயிலு அந்த சன்னல் வழியாத்தான் வந்து என் மூஞ்சில அடிக்கும். அதான் மேக்கு” என்று கை காட்டினார். அந்தச் சன்னலை நோக்கி விரிப்பைத் திருப்பிப் போட்டார்கள்.

என்னை வெளியே போகச் சொல்லவில்லை. நானாகவே போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன், யாரும் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடாதபடி.

நான் ரஞ்சன்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த முஸ்லிம் பிள்ளைகள் உண்டு. பெருநாளுக்குப் பிரியாணி வந்திருக்கிறது. ஆனால் ஒருவர் தொழுவதைப் பக்கத்திலிருந்து, முழுதாக, நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன். அதுவும் நிறைமாத வயிற்றோடு, வலியோடு ஒரு பெண் தொழுவதை.

நின்றாள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டாள். வலி வந்தது. எனக்குத்தான் தெரியும் அது எப்பேர்ப்பட்ட வலி என்று. அவள் இடுப்பின் அசைவிலிருந்தே அதன் உயரத்தைச் சொல்லிவிடுவேன். அவள் சத்தம் போடவில்லை. உடம்பு மட்டும் முன்னும் பின்னும் மெல்ல ஆடியது. வலி தணிந்ததும் உதடு மீண்டும் அசைந்தது, விட்ட இடத்திலிருந்து. குனிந்தாள், முழங்காலில் கை ஊன்றி. நிமிர்ந்தாள். பிறகு மெதுவாக, மாமியாரின் தோளைப் பிடித்து இறங்கி, முழங்காலிட்டு, நெற்றியைத் தரை விரிப்பில் வைத்தாள்.

இடுப்பு மேலே, தலை கீழே, வயிறு தொட்டில்போல் கீழே தொங்கிக்கொண்டு. அவள் அப்படி இருந்ததைப் பார்த்ததும் எப்போதோ தெரிந்த ஒன்று சட்டென்று நினைவுக்கு வந்தது. மல்லாந்து கிடக்கும்போது குழந்தையின் பாரம் முழுவதும் தாயின் முதுகெலும்பில் விழும். இப்படிக் கவிழ்ந்தால் அந்தப் பாரம் முன்பக்கம் சரியும். குழந்தை திரும்ப இடம் கிடைக்கும். படித்திருக்கிறேன். பாடப் புத்தகத்தில் ஒரு மூலையில் சின்னப் படத்தோடு இருந்தது. பரீட்சைக்கு முக்கியம் இல்லை என்று மாணவிகளிடம் சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன்.

அவள் அதைப் படித்தவள் இல்லை. தினம் ஐந்து வேளை, சிறுமியாக இருந்த நாள் முதல், அவள் உடம்பு அந்த நிலைக்குப் பழகியிருந்தது.

நாலாவது முறை தரையில் நெற்றியை வைத்தபோது பெரிய வலி ஒன்று வந்தது. அவள் எழவில்லை. அப்படியே இருந்தாள். நான் மனசுக்குள் நொடிகளை எண்ணினேன். அறுபது, எழுபது. சன்னல் வழியாக வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. வெள்ளைத் துணிக்குள் அவள் முதுகு ஏறி இறங்கியது. எங்கள் அறையில் மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

தொழுகை முடிந்து வலமும் இடமும் முகத்தைத் திருப்பியவள், எழுந்திருக்காமல் மறுபடியும் முன்பக்கம் கவிழ்ந்துகொண்டாள்.

“என்ன ஆச்சு?” நான் பதறிக் கிட்டே போனேன்.

“ஒண்ணுமில்லீங்க. படுத்துருந்தப்ப முதுவு நொறுங்குற மாரி இருந்துச்சு. இப்படி இருந்தா தாங்க முடியுது. இப்படியே இருந்துக்கவா?”

அவள் என்னிடம் அனுமதி கேட்டாள். அந்த வார்டில் காலையிலிருந்து நான் அவளிடம் எதற்கும் அனுமதி கேட்டிருக்கவில்லை.

“இருங்க” என்றேன். ‘நீ’ போய் ‘நீங்க’ வந்துவிட்டதை நானே கவனிக்கவில்லை. மாணவிகள் கவனித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மாமியார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மருமகள் முழங்காலிட்டபடி அவர் மடியில் கைகளையும் தலையையும் சாய்த்துக்கொண்டாள். மாமியார் ஏதோ ஓதிக்கொண்டே முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் கால் மணிக்கு ஒருமுறை கீழே குனிந்து, வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்டேன். குதிரை ஓடுகிற மாதிரி சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். “இப்ப ஒருதரம் பாக்கட்டுமா? வேணாம்னா கொஞ்சம் கழிச்சுப் பாக்குறேன்” என்று கேட்டேன். “பாருங்க” என்றாள். இந்த முறை முழங்கால்கள் இறுகவில்லை.

விரல் தொட்டதும் தெரிந்தது. தலையின் திசை மாறியிருந்தது. குழந்தை திரும்பிவிட்டது. கருப்பை வாய் முழுதும் திறந்திருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழுததால்தான் குழந்தை திரும்பியது என்று நான் எங்கும் சொல்வதில்லை. இப்படிக் கிடக்கும் குழந்தைகள் பெரும்பாலும் தாமாகவே திரும்பிக்கொள்ளும். கதவு சாத்தியதால் திரும்பியதா, பயம் விட்டதால் திரும்பியதா, கவிழ்ந்ததால் திரும்பியதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அந்தப் பெண் கட்டில்மேல் முழங்காலிட்டு, நிமிர்ந்திருந்த தலைப்பக்கத்தை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மாமியார் மறுபக்கம் நின்று அவள் கைகளைப் பற்றினார். நான் பின்னால். எல்லாமே எனக்குத் தலைகீழாக இருந்தது. மேல் என்று கை பழகியிருந்தது கீழாகிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாள்போல ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்துச் செய்தேன். “அவசரப்படாதீங்க, அது பாட்டுக்கு வரும்” என்று டாக்டரம்மா பின்னாலிருந்து சொன்னார். அதை அவளிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

மல்லாந்து படுத்த தாய்க்குப் பிறக்கும் குழந்தை பெரும்பாலும் கீழே பார்த்துக்கொண்டுதான் வரும். இத்தனை வருடத்தில் நான் முதலில் பார்ப்பது பின்னந்தலையைத்தான். ஈரமான, கறுத்த முடி. அன்று நான் தாயின் பின்பக்கம் இருந்ததால் உச்சந்தலையை அடுத்து நெற்றி என் பக்கம் வந்தது, பிறகு மூடிய இமைகள், மூக்கு, வாய், மோவாய். ஒரு முழு முகம், மேலே என்னைப் பார்த்தபடி, நிலா எழும்புகிற மாதிரி மெதுவாக எழும்பி வந்தது. உடம்பு இன்னும் உள்ளே இருந்தது. முகம் மட்டும் இந்தப் பக்கம். அடுத்த வலிக்காகக் காத்திருந்த அந்த ஒரு நிமிடம் அது அப்படியே இருந்தது, அழவில்லை, அசையவில்லை. நான் அதைப் பார்த்தேன். எத்தனையோ பிரசவங்களில் கை கொடுத்தவள் நான். ஒரு மனுஷி இந்த உலகத்துக்கு வருகிறாள் என்று அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

பெண் குழந்தை. தாயின் கால்களுக்கு நடுவே முன்பக்கமாக நீட்டினேன், அவளே குனிந்து எடுத்துக்கொண்டாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளாக எடுத்தாள். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால்.

நஞ்சு வந்து, தொப்புள்கொடியை வெட்டி, ரத்தப்போக்கு சரியாக இருக்கிறது என்று பார்த்து முடிந்ததும் மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். “பிள்ள காதுல பாங்கு சொல்லணும். அதோட அத்தா சொன்னா நல்லது. அவன் அங்க இருக்கான். போன்ல சொல்லச் சொல்லலாமான்னு…”

வார்டுக்குள் போன் கூடாது. பிரசவ அறைக்குள் ஆண்களின் குரலே கூடாது என்றுதான் நான் பழகியிருந்தேன். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, “படம் வேணாம். குரல் மட்டும் வரட்டும். மெதுவா வைங்க, பிள்ள பயந்துரும்” என்றார்.

மாணவிதான் போனைப் பிடித்தாள், குழந்தையின் வலது காதருகே. தம்மாமில் ஏதோ ஒரு கடையின் பின்னறையாக இருக்க வேண்டும். ஏசி ஓடுகிற இரைச்சல், தூரத்தில் யாரோ பெட்டி இறக்கும் சத்தம். குழந்தையின் தகப்பனார், தொழுகைக்கு அழைக்கும் அந்தப் பாங்கைச் சொல்லத் தொடங்கினார். முதல் வரியிலேயே குரல் உடைந்து நின்றுவிட்டது. மூச்சை இழுத்துவிட்டு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். இந்த முறை நிற்கவில்லை.

அதுவரை நெஞ்சில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு சிணுங்கிய குழந்தை அடங்கியது. கண்ணைத் திறந்தது. எங்கோ பார்த்தது. வயிற்றுக்குள் இருந்தபோது போனில் அந்தக் குரலை அது தினமும் கேட்டிருக்கும் அல்லவா? எனக்கு அது தோன்றியதும் ஸ்டாஃப் நர்ஸுக்கும் தோன்றியிருக்க வேண்டும்; அவர் தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ஆயாம்மா மாப்பைப் பிடித்தபடி, ஆடாமல் நின்றிருந்தார். குரல் முடிந்ததும் தாய் போனைப் பார்த்து, “கேட்டுக்கிட்டா” என்றாள். அந்தப் பக்கம் அவர் அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் அவளைப் பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் போய்ப் பார்த்தேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

“நேத்து உங்கள அதட்டிட்டேன். அப்படிப் பேசிருக்கக் கூடாது. மன்னிச்சுருங்க.”

‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. குழந்தையின் கைவிரலைப் பிரித்து வைத்துக்கொண்டு, “பிள்ள வேணுமா வேணாமான்னு கேட்டீங்க. அது நெஞ்சுல குத்துச்சு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அப்புறம் கதவுல சாஞ்சு நின்னீங்க. அதையும் பாத்தேன்” என்றாள்.

திரும்பும்போது மாணவியிடம் கேட்டேன். “இவ்வளவு தெரிஞ்சு வச்சுருக்க. ஏன் ஒருநாள்கூட க்ளாஸ்ல சொல்லல?”

“பரீட்சையில இதுக்கு மார்க் இல்லையே மேடம்” என்றாள். குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

அடுத்த வாரம் வகுப்பில் என் தவறோடு சேர்த்து நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, உற்சாகத்தில் கரும்பலகையில் கட்டம் போட ஆரம்பித்தேன். முஸ்லிம் தாய் என்று ஒரு பத்தி, அதன் கீழ் தொழுகை, துப்பட்டி, பாங்கு, பெண் டாக்டர். அடுத்த பத்தியில் இந்துத் தாய், அதற்கடுத்து கிறிஸ்தவத் தாய். பிள்ளைகள் வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது பெஞ்சுக்காரி மட்டும் பேனாவை மூடி வைத்திருந்தாள்.

“ஏன் எழுதல?”

“இத எழுதிப் போட்டா எல்லாரும் மனப்பாடம் பண்ணிருவாங்க மேடம்.”

“மனப்பாடம் பண்ணினா நல்லதுதானே?”

அவள் பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவளுக்காகத்தானே செய்கிறேன் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்துக்குள் எனக்குப் புரிந்தது. வார்டுக்கு இன்னொரு முஸ்லிம் பெண் வந்தாள். பெரம்பலூர் டவுனில் இருப்பவள், இரண்டாவது பிரசவம், பேங்க்கில் வேலை. நான் ஓடி ஓடிச் செய்தேன். கதவைச் சாத்தினேன், திரை போட்டேன், விரிப்பை மேற்கே பார்த்து விரித்தேன், மணி சொன்னேன், முழங்காலிட்டுக்கொண்டால் முதுகுக்கு நல்லது என்றேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள்.

“மேடம், கதவ கொஞ்சம் தொறந்து விடுங்களேன், காத்தே வரல. எனக்கு முழங்கால் வலி, கீழல்லாம் உக்கார முடியாது. போன தடவ ஒருக்களிச்சுப் படுத்துத்தான் பெத்தேன், அதே மாரி விட்டுருங்க. அப்புறம், எம் வூட்டுக்காரர் வெளிய நிக்கிறாரு. அவர உள்ள விட்டீங்கன்னா போதும்.”

மாணவிகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மதியத்துக்குள் ஒரு பையனைப் பெற்றாள். குழந்தை தலை வெளியே வந்த அந்த நேரத்திலும் அவள் தன் கணவரிடம் ஏதோ கிசுகிசுத்துச் சிரித்தாள். இப்படியும் ஒருத்தி சிரித்துக்கொண்டே பெற முடியுமா என்று மலைத்து நின்றேன். கரும்பலகையில் நான் போட்ட எந்தக் கட்டத்திலும் அந்தச் சிரிப்புக்கு இடம் இல்லை.

கட்டத்தை அழித்தேன். அதற்குப் பதில் வேறொன்று செய்தோம். பயிற்சிக்குப் போகும் முன் மாணவிகள் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருத்தி தாய், ஒருத்தி நர்ஸ். கையுறை, கருவி, ஊசி எதையும் தொடுவதற்கு முன் நர்ஸ் உட்கார்ந்து கேட்க வேண்டும். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? யார் கூட இருந்தால் தேவலை? எதற்குப் பயம்? எதைக் கண்டிப்பாகச் செய்யணும், எதைச் செய்யவே கூடாது? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. எனக்கும்தான்.

கல்லூரியில் இதற்கு யாரும் பெரிய வரவேற்பு கொடுத்துவிடவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். செய்முறைத் தேர்வில் சேர்த்து ஐந்து மதிப்பெண் கொடுக்கலாம் என்பதுவரை பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன். மதிப்பெண் வந்ததும் மாணவிகள் அதை மதித்தார்கள். எப்படி வந்தால் என்ன.

அந்த வருடத்து செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். கண்டிப்பானவர், நாலு கேள்விக்கு மேல் பொறுமை கிடையாது. தாயாக நடிக்கக் கட்டிலில் படுத்திருந்தவள் உடையார்பாளையம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கூலி வேலை பார்க்கும் குடும்பத்துப் பெண். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். வகுப்பில் எல்லோரையும் சிரிக்க வைப்பவள் அவள்தான், பொய் வலியில் கத்துவதற்கென்றே அவளைப் படுக்க வைத்திருந்தார்கள்.

நர்ஸாக இருந்த மாணவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “வணக்கங்க. இன்னிக்கி ஒங்க கூட நாந்தான் இருக்கப் போறேன். ஒங்கள எப்படிக் கூப்புடட்டுங்க?”

பொய் வலியில் கத்த வேண்டியவள் கத்தவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. தேர்வாளர் நடிப்பு என்று நினைத்துக் குறிப்பெழுதினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா, ஏன் அழுற?”

அவள் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சாரி சார். எங்க அம்மா என் தம்பிய ஆஸ்பத்திரியில பெத்தாங்க. நா வெளிய நின்னேன். அங்க எல்லாரும் எங்கம்மாவ எங்க தெருப் பேரச் சொல்லித்தான் கூப்புட்டாங்க. பேரே கேக்கல சார். இவ கேட்டதும் அது ஞாபகம் வந்துருச்சு.”

அவளை மூன்று வருடமாக எனக்குத் தெரியும். அவள் சிரிப்பு தெரியும், மதிப்பெண் தெரியும். இது தெரியாது. மார்பில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். ஒரு கேள்வி, அதுவும் தேர்வுக்காகக் கேட்ட ஒரு கேள்வி, அத்தனை ஆழத்துக்குப் போகும் என்று நான் எந்த நாளும் நினைத்ததில்லை.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். நர்ஸாக இருந்த மாணவி அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அவள் தன் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஒங்க அம்மா பேரு என்ன?” என்று கேட்டாள்.

கட்டிலில் இருந்தவள் சொன்னாள்.